அந்த அரிவாளை எடுத்துக் கொடுத்தது யார்?

மாதா கோயில் கொடியேற்றம் முடிந்த மறுநாள் காலை, ஒரு தகப்பன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ, கப்பல் படிப்புக்கு முன்பணம் கட்டிய ரசீது. ரசீதுக்குப் பின்னால் நகை அடகு வைத்த சீட்டும் இருந்தது. அதை அவர் மறைக்கப் பார்த்தார். அதற்குள் என் கண்ணில் பட்டுவிட்டது.

நான் இருபத்திரண்டு வருஷம் கப்பலில் இருந்தவன். ஓ.எஸ். என்கிற கடைநிலை மாலுமியாக ஏறி, போசன் என்கிற மாலுமித் தலைவனாகக் கரை இறங்கினேன். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம், மெடிக்கல் என்று காகித வேலைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் காசு வாங்குவதில்லை. அதனால் வருகிற தாய் தகப்பன்மாரை ஏசவும் எனக்கு உரிமை உண்டு.

"பாஸ்போர்ட் போலீஸ் என்கொயரியில நிக்குண்ணே" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. பையன்தான் தன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினான். நாற்பது வினாடி வீடியோ. அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள். தெருவிளக்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் கேக், கேக்கில் வெள்ளைக் கிரீமில் அவன் பெயர். ஒரே நிறச் சட்டை போட்ட ஏழெட்டுக் கூட்டாளிகள். பின்னால் சாதிப் பெருமைப் பாட்டு. பையன் இரண்டடி அரிவாளைத் தூக்கி நாக்கைக் கடித்துக்கொண்டு கேக்கை வெட்டுகிறான், விசில் பறக்கிறது. இதெல்லாம் நாம் பார்த்துப் பழகியதுதான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறு ஒன்று. ஓரத்தில் ஒரு அம்மா, கையில் தீப்பெட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டியவர் கைதட்டுகிறார். அந்த வேட்டிக்காரர்தான் என் எதிரே ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்.

"விளையாட்டுக்குச் செஞ்சதுண்ணே. அது தேங்காய் வெட்டுற அரிவாள்."

"அதை எடுத்துக் கொடுத்தது யாரு?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்."

வீடியோவை யாரோ போலீசுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகையும் தாக்கலாகி, இப்போது கோர்ட்டில் இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டில் அனுமதி வாங்கி வந்தால் வழி உண்டு. ஆனால் அதற்கு வக்கீல், வாய்தா, மாதக்கணக்கு. பாஸ்போர்ட் இல்லாமல் சி.டி.சி. கிடையாது, சி.டி.சி. இல்லாமல் கப்பல் கிடையாது. மாலுமிகளுக்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் படிப்பில் அவன் சேர வேண்டிய பாட்ச் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இந்தக் கடிதத்தை அந்தப் பையனுக்கு எழுதவில்லை. அவனை ஏச ஊரே இருக்கிறது. நான் எழுதுவது உங்களுக்கு. திரேஸ்புரத்தில், தருவைகுளத்தில், புன்னைக்காயலில், வீரபாண்டியன்பட்டினத்தில், மணப்பாட்டில், முத்தையாபுரத்தில், பிரையண்ட் நகரில் பிள்ளை வளர்க்கிற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும். பிள்ளைகளின் பெயரை முதலில் கெடுப்பது நாம்தான். கெடுத்துவிட்டு, அதே பெயருக்கு வேலை தேடிப் பணத்தைக் கொட்டுவதும் நாம்தான்.

கோபப்படாமல் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் திறக்கக் குறைந்தது பதின்மூன்று வயதாக வேண்டும். பதினோரு வயதுப் பையன் கேட்டபோது பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுக் கொடுத்தது யார்? நம் வீடுகள் பலவற்றில் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. அன்று நாம் போட்ட பொய் வருஷத்தால் அந்தக் கணக்கு அவனைப் பெரிய ஆளாக எடுத்துக்கொண்டு, பெரிய ஆளுக்குக் காட்டுகிறதையெல்லாம் காட்டியிருக்கிறது. லைசென்ஸ் எடுக்கும் வயதுக்கு முன்னால் பைக் சாவியைக் கொடுத்து, அவன் துறைமுக ரோட்டில் கையை விட்டு ஓட்டியதை ஸ்டேட்டஸில் வைத்தது யார்? பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் பதிவு எண்ணோடு, பிறந்த தேதியோடு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியது யார்? நானும் ஒருமுறை அப்படிப் போட்டேன். என் மகள்தான், "அப்பா, இத வச்சு யாரும் என்ன வேணாலும் செய்யலாமே" என்று அழிக்கச் சொன்னாள். அவளுக்கு இருந்த புத்தி அன்று எனக்கு இல்லை.

சட்டம் எப்படி யோசிக்கிறது பாருங்கள். பதினெட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை தப்புச் செய்து மாட்டினால், அவன் பெயர், முகவரி, பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக்கூடாது என்று 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தப்பு பின்னாளில் அவன் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. முகம் தெரியாத பிள்ளைக்கு ஒரு திரை போட்டு, அவன் திருந்தி வர வழிவிடுகிறது சட்டம். பெற்ற நாமோ யூனிஃபார்மோடு, பள்ளிப் பெயரோடு, அவன் சண்டை போட்டதையும் சாராயக் கடை வாசலில் ஆடியதையும் "என் சிங்கம்" என்று எழுதிப் போடுகிறோம். பதினெட்டு முடிந்து ஒரு நாள் ஆனாலும் அந்தத் திரை அவனுக்கு இல்லை. நான் சொன்ன பையன் அரிவாளைத் தூக்கியது சரியாகப் பதினெட்டு முடிந்த அன்று ராத்திரி.

இது கப்பலுக்குப் போகிறவனுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்காதீர்கள். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது. உள்ளே தினமும் போய்வரும் வேலை என்றால் பாஸ் வேண்டும், நீண்ட நாள் பாஸுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். கிளியரிங் ஆபீஸில் ஓடியாடும் பையனுக்கும் இது பொருந்தும், கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறவனுக்கும் பொருந்தும். போலீஸ் வேலைக்கு முயற்சி செய்கிற பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். விடிகாலையில் தருவை மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்கு விதி இன்னும் கடுமை. குற்ற வழக்கில் தொடர்பு இருந்து, சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் அந்தத் தொடர்பு இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே இதைச் சரி என்று சொல்லிவிட்டது. வழக்கை மறைத்துச் சேர்ந்துவிடலாம் என்று புத்தி சொல்கிற மாமன்மார் வீட்டுக்கு ஒருவர் உண்டு. மறைத்தது பின்னால் தெரிந்தால் வேலையிலிருந்தே நீக்க முடியும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறது.

கப்பல்காரனுக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் ஏற அந்த நாட்டு விசா வேண்டும். 2019 மே 31 முதல் அந்த விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தச் சமூக ஊடகத்தில், என்ன பெயரில் கணக்கு வைத்திருந்தாய்? எல்லாவற்றையும் எழுத வேண்டும். கப்பல் ஊழியனுக்கும் அதே படிவம்தான். கணக்கு வைத்திருந்துவிட்டு இல்லை என்று எழுதினால் அது பொய்த் தகவல். இருபது வயதில் விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு ஐந்து வருஷம் என்றால் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவன் என்ன பெயரில் கணக்கு வைத்திருந்தான் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என்னிடம் வந்து அந்தக் கட்டத்தை நிரப்பிய பிள்ளைகள் எழுதிய பெயர்களைப் பார்த்திருக்கிறேன். சொந்தப் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் சாதிப் பெயர், அதற்குப் பக்கத்தில் "ரவுடி", "கெத்து", "டெவில்". எழுதும்போது கை கூசுகிறது அவர்களுக்கு. வைக்கும்போது கூசவில்லை. அது கூச வேண்டிய காரியம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வேலை கொடுக்கிறவன் பிள்ளையை எப்படி எடைபோடுகிறான் என்று நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க ஒரு பழைய விஷயம் இருக்கிறது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முந்தைய காலத்தில் முத்துச்சலாபம் நடத்தலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய அரசாங்கம் ஒரு முறை வைத்திருந்தது. கடலடிப் பாரில் கிடக்கும் கோடிக்கணக்கான சிப்பியில் சில ஆயிரத்தை மட்டும் மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை விவரம் தெரிந்தவர்கள் மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் தேறும் என்று தெரிந்தால்தான் சலாபம் அறிவிப்பு. தேறாவிட்டால் அந்தப் பார் முழுவதும் அப்படியே கிடக்கும். சலாபம் நடந்தாலும் சிப்பியைத் திறக்காமல்தான் ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். எடுத்த முத்தைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். முதல் சல்லடையில் இருபது துளை, கடைசிச் சல்லடையில் ஆயிரம் துளை. வேலைக்கு ஆள் எடுக்கிறவனும் இப்படி மாதிரி பார்த்துத்தான் எடுக்கிறான். உங்கள் மகனின் நல்ல மனசைத் திறந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை. ஒரு பெயரைத் தட்டி, மேலே வருகிற நாலு படத்தைப் பார்க்கிறான். பாட்டிக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிற பையன்தான் அவன். அது படத்தில் இல்லை. அரிவாள் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தோணியில் ஆள் எடுத்த தண்டல், அதாவது தோணித் தலைவர், மட்டும் என்ன செய்தார்? பையனைப் பார்ப்பதற்கு முன்னால் தகப்பனைப் பற்றி விசாரித்தார். குடிப்பானா, கரையில் கடன் வைப்பானா, நடுக்கடலில் கூட்டாளியை விட்டுவிட்டுத் தூங்குவானா என்று கேட்டார். கேட்டது நாலு பேரிடம். இன்று நாலு பேர் இருந்த இடத்தில் ஊர் உலகம் இருக்கிறது, விசாரிக்க அரை நிமிஷம்தான் ஆகிறது.

எழுதிய ஒரு பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் கடற்கரை எழுத்தாளர் ஒருவரே சாட்சி. உவரியில் பிறந்த ஆர்.என். ஜோ டி குருஸ், இந்தத் தூத்துக்குடியின் கதையை 'கொற்கை' என்று நாவலாக எழுதினார். அதற்கு 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய முதல் நாவல் 'ஆழி சூழ் உலகு' ஆங்கிலத்தில் வரத் தயாராகிக்கொண்டிருந்தது. 2014 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், நரேந்திர மோடியை ஆதரித்து முகநூலில் எழுதினார். மொழிபெயர்த்த வ. கீதா தம் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நவயானா பதிப்பகம் புத்தகத்தைக் கைவிட்டது. அவர் எழுதியது சரியா, இவர்கள் செய்தது சரியா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. அவரவர் பக்கம் நியாயம் சொல்ல ஆள் உண்டு. எனக்கு முக்கியம் இதுதான்: அவர் அப்போது ஐம்பது வயதுக்காரர், படித்தவர், கப்பல் தொழிலில் ஊறியவர். யோசித்து, தன் பெயரைப் போட்டு, என்ன வந்தாலும் வரட்டும் என்று எழுதினார். விலையையும் தானே கொடுத்தார். நம் பிள்ளை அப்படியா? பதினாறு வயதில், யாரோ எழுதிய வசனத்துக்கு வாயசைத்து, யாரோ ஒரு தலைவனுக்காக இன்னொரு சாதியைக் கெட்ட வார்த்தையில் ஏசுகிறான். அதன் விலை என்ன என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

வருஷம் போனால் மறந்துவிடுவார்கள் என்கிறீர்களா? இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சனைக் கேளுங்கள். 2021 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் அவருடைய முதல் டெஸ்ட். அன்றைக்கே, அவர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் எழுதிய இனவெறிப் பதிவுகளை யாரோ தோண்டி எடுத்து வெளியே விட்டார்கள். அந்த மேட்சில் ஏழு விக்கெட் எடுத்தார். ஆனாலும் அடுத்த டெஸ்டில் அவர் இல்லை, விசாரணைக்காக நிறுத்திவைத்துவிட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன் எழுதியது, வாழ்க்கையின் பெரிய நாள் எது என்று பார்த்து வந்து நின்றது.

சாதிக் கயிறு விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் என்னோடு பேசாமல் போகிறவர்கள் போகட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே வீடு புகுந்து, கூடப் படிக்கிற பையனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகள் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு அணியக்கூடாது, பள்ளிக்குள் செல்போன் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கயிற்றைப் பிள்ளைகள் எங்கிருந்து வாங்குகிறார்கள்? கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு போகும்போது நாம்தான் வாங்கிக் கட்டுகிறோம். அந்தக் கை ரீல்ஸில் வருகிறது, அந்த நிறம் வருகிறது, பாட்டு வருகிறது. கப்பலில் ஒரே மெஸ்ஸில் பிலிப்பைன்ஸ்காரன், உக்ரைன்காரன், சீனாக்காரன், கேரளாக்காரன், பீகார்காரன் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஹோஸ் பிடிக்க யார் கை என்று பார்க்க முடியாது. ஊரில் பக்கத்துத் தெருப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று வளர்ந்தவனை அங்கே எவன் நம்பி எடுப்பான்?

போனோடு நிற்கவில்லை. உடம்புப் பழக்கமும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் உதட்டுக்குள் கூல் லிப் புகையிலை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்காருகிறான். தடை செய்த பொருள், ஆனாலும் கிடைக்கிறது. மதுரை உயர் நீதிமன்றக் கிளையே இதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி கேட்டிருக்கிறது. "பாக்குத்தானே" என்று விட்டுவிடுகிறோம். பிறகு கஞ்சா. கப்பல் ஏறும் முன் மெடிக்கலில் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. விடாமல் பிடிக்கிறவன் நிறுத்தி வாரக்கணக்கு ஆனாலும் அதில் தெரியும். ஏறிய பிறகும் எந்தத் துறைமுகத்தில் வேண்டுமானாலும் திடீரென்று சோதிப்பார்கள். குடிப்பதற்கும் கணக்கு இருக்கிறது: கடலோடிகளுக்கான சர்வதேச விதிப்படி ரத்தத்தில் 0.05 சதவீதத்துக்கு மேல் சாராயம் இருக்கக்கூடாது. பல கம்பெனிகளில் ஒரு சொட்டும் கூடாது என்பதே சட்டம். பிடிபட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்புவார்கள். அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் கப்பலுக்கு ஆள் எடுக்கும் எல்லா மேனிங் ஆபீஸுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மகன் முன்னால் பாட்டிலைத் திறந்து, "கொஞ்சம் நக்கிப் பாருல" என்று கொடுக்கிற அண்ணாச்சிமாரை நான் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். அன்று சிரித்தவர்கள் யாரும் அவனைப் பிறகு ஏர்போர்ட்டில் கூப்பிடப் போகமாட்டார்கள்.

ராத்திரி இரண்டு மணி வரை போனைத் தடவிக்கொண்டு படுத்திருக்கிறானே, அதையும் சும்மா விடாதீர்கள். கப்பலில் பன்னிரண்டு முதல் நாலு வரை வாட்ச். இருட்டில் நின்று கடலைப் பார்க்க வேண்டும். கையில் போன் இல்லாமல் நாலு மணி நேரம் நிற்க முடியாத பையனைக் கப்பலின் பிரிட்ஜில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால், 2020 ஜூலை 25இல் மொரிஷியஸ் கரையில் மோதிய வாகாஷியோ கப்பலைச் சொல்வேன். கரையிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போக வேண்டிய பாதையை, செல்போன் சிக்னல் கிடைக்கும் என்று 5 மைலுக்கு மாற்றியிருந்தார்கள். அன்று ராத்திரி கப்பலில் பிறந்தநாள் விருந்து வேறு. பவளப்பாறையில் ஏறிய கப்பலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. இந்தியரான கேப்டனுக்கும் இலங்கைக்காரரான முதல் அதிகாரிக்கும் 2021 டிசம்பரில் இருபது மாதச் சிறைத் தண்டனை. பல வருஷம் கடலில் கழித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கே போன் ஆசை இதைச் செய்ததென்றால், பத்து வயதிலிருந்து போனோடு தூங்குகிற பிள்ளைக்கு?

"யூடியூப்பில் எத்தனை பேர் சம்பாதிக்கிறாங்க, நீங்க பழைய ஆளு" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார்கள். சம்பாதிக்கட்டும், சந்தோஷம். நம் கடற்கரையிலேயே 'தூத்துக்குடி மீனவன்' இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் 'உங்கள் மீனவன் மூக்கையூர்' இருக்கிறது. அவர்கள் என்ன காட்டுகிறார்கள்? வலையை எப்படி இழுப்பது, எந்த மீன் எந்தக் கடலில் நிற்கும், அதை எப்படிச் சமைப்பது என்று தங்கள் தொழிலைக் காட்டுகிறார்கள். அதைப் பார்க்கிறவன் அவர்களை நம்புகிறான். அதே யூடியூப்பில் டி.டி.எஃப். வாசன் பைக் வித்தையால் பெயர் வாங்கினார். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில் வித்தை காட்டிக் கீழே விழுந்து, கை ஒடிந்து, ஜெயிலுக்குப் போனார். ஓட்டுநர் உரிமத்தைப் பத்து வருஷத்துக்கு, 2033 வரை, ரத்து செய்தார்கள். அவரைப் பார்த்து பைக்கைத் தூக்கிய பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் பார்வையாளர்கள் இல்லை, வக்கீல் இல்லை. வழக்கு மட்டும் இருக்கிறது. உங்கள் மகனுக்கு வீடியோ ஆசை என்றால் தடுக்காதீர்கள். உப்பளத்தில் அரிவாளோடு நிற்பதற்குப் பதில், அந்த உப்பு எப்படி விளைகிறது, பாத்தியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, வெறுங்காலோடு வாருகிற அம்மாவின் பாதம் எப்படி வெடித்திருக்கிறது என்று எடுக்கச் சொல்லுங்கள். வெல்டிங் படிக்கிறவன் தான் போட்ட வெல்டைக் காட்டட்டும். அப்படி ஒரு பக்கம் வைத்திருக்கிற பையனை எந்த ஆபீஸும் உட்காரவைத்துப் பேசும்.

அதற்காக இன்றைக்கே போனைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பிடுங்கினால் கூட்டாளி போனில் வேறு பெயரில் திறப்பான், அது உங்களுக்குத் தெரியவும் வராது. ஏசிவிட்டு எழுந்து போவதும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையோ கோயிலோ முடிந்து சாப்பிட்டபின், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து உங்கள் போனை முதலில் அவன் கையில் கொடுங்கள். நீங்கள் போட்டவற்றில் அவனுக்குக் கூச்சமாக இருப்பது எது என்று கேளுங்கள். சொன்னதையெல்லாம் அவன் கண் முன்னால் அழியுங்கள். பிறகு அவனிடம் அவன் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கையில் அரிவாளோ பாட்டிலோ இருப்பது, அடுத்த சாதியை ஏசுவது, பொம்பளைப் பிள்ளைகளைக் கேலி செய்வது, எல்லாம் போகட்டும். பொய்யாகப் போட்ட பிறந்த தேதியைச் சரியாக்குங்கள். பழைய கணக்குகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நாளைக்கு விசாப் படிவத்தில் கேட்பார்கள். பெண்பிள்ளை இருக்கிற வீட்டிலும் இதைச் செய்யுங்கள், அவளை மிரட்டுவதற்காக அல்ல, அவள் படத்தை நாம் எங்கெல்லாம் அனுப்பியிருக்கிறோம் என்று பார்ப்பதற்காக. இன்னொன்று: அக்கவுண்டை நாலு நாள் கொடு, கமிஷன் தருகிறேன் என்று யார் கேட்டாலும் பிள்ளையின் வங்கிக் கணக்கைக் கொடுக்க விடாதீர்கள். அதில் மோசடிப் பணம் வந்து விழுந்தால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனை.

கப்பலுக்கு அனுப்ப லட்சக்கணக்கில் கட்டத் தயாராக இருக்கிறீர்கள். ஏஜென்ட்டின் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் சரிதானா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் பார்க்க ஐந்து நிமிஷம் போதும், அதையும் பார்ப்பதில்லை. பிள்ளையின் பக்கத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும், அதையும் பார்ப்பதில்லை. அடகுக் கடைக்கு மட்டும் மூன்று தடவை போகிறீர்கள்.

அந்தத் தகப்பன் இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். வீடியோவை அழித்தாயிற்று என்றார். மகன் அவன் பக்கத்திலிருந்து அழித்திருந்தான். அவருடைய சொந்த ஃபேஸ்புக்கில் அது அப்படியே இருந்தது, முப்பத்தேழு லைக்குகளோடு. லைக் போட்டவர்கள் எல்லாம் மாமன், சித்தப்பா, பெரியம்மா. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று மகனிடம் கேட்டுக் கேட்டு அதை அழித்தார். வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.